சத்தம் பிடிக்கிற வேலை

சென்னை,
புதன்கிழமை.

அன்புள்ள அம்மாவுக்கு,

நீங்களும் அப்பாவும் சுகமாயிருக்க மாதா துணையிருக்கட்டும். உங்கட கால்வீக்கம் வத்திட்டுதோ? எனக்கு ஒரு குறையுமில்லை. நேரத்துக்குச் சாப்பிடுறன்.

திரைப்படக் கல்லூரியில கமரா படிக்க வந்தும், சில மாதமாக அதைத் தொட மனம் வரேல்லை. கவலை என்றுமில்லை, ஒன்றுமே தோன்றுறேல்லை. போன கிழமை திரைப்பட விழாவுக்கும் வகுப்போட சும்மாதான் போனனான். ஒரு படத்தில ஒரு மனிசி பேசாமல் மீன் வெட்டிக்கொண்டிருந்தா. கத்தி பலகையில படுற சத்தம் மட்டும்தான். பக்கத்தில இருந்தவை எழும்பிப் போச்சினம். நான் கடைசிவரை இருந்தனான்.

படம் முடிய, அதுக்கு ஒலிப்பதிவு செய்த அக்காவிட்டைப் போய், "இதை மட்டும் தனியாகப் படிக்கலாமோ?" என்று கேட்டன். அவா கையிலிருந்த ஒலிப்பதிவுக் கருவியை வாசல் பக்கம் பிடிச்சு, தன்ர ஹெட்போனை என்ர காதில மாட்டிவிட்டா. வாசலில மழை பெய்துகொண்டிருந்தது. கனகாலத்துக்குப் பிறகு ஒன்றைக் கவனிச்சுக் கேட்டன்.

"நாளைக்கு ஸ்ரூடியோவுக்கு வா" என்றா. போனனான். இனி ஒலிப்பதிவுதான் படிக்கப்போறன். மகள் கமராக்காரி என்று முல்லைத்தீவு முழுக்கச் சொல்லித்திரியிற அப்பாவுக்கு நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கோ.

ஆரும் சென்னைக்கு வந்தால் கொஞ்சம் திருக்கைக் கருவாடு குடுத்துவிடுங்கோ. இன்னொன்று, குசினியில வேலை செய்யேக்க போனில பதிவுபண்ணி அனுப்புங்கோ. ஒன்றும் கதைக்க வேண்டாம். நீங்கள் தேங்காய் திருவுற சத்தம் போதும்.

வகுப்புக்கு நேரமாச்சு, போட்டுவாறன்.

உங்கட மகள்,
ரொஷாந்தி