நீக்கியதற்கு ஒரு சாட்சி

நியூஜெர்சி
20 அக்டோபர் 1998

அன்புள்ள துர்ரா அக்காவுக்கு,

ஸலாம். நாங்கள் மூவரும் சுகம். மனம்தான் சுகமில்லை.

மேலாளர் என்ற முறையில் போட்ட எங்கள் கிரீன் கார்டு மனுவைச் சந்தேகப்பட்டு, குடியேற்ற அலுவலகம் மேலும் ஆதாரம் கேட்டிருக்கிறது. காரணம் நீதான்! நம் ஆலிவ் எண்ணெய் ஆலையின் சார்பில் எழுதிய கடிதத்தில், "என் தம்பி பீப்பாயைத் தானே உருட்டுவான், யாரையும் ஏவமாட்டான்" என்று புகழ்ந்து தள்ளியிருக்கிறாய். நம்மூரில் இதைக் கேட்டால் பெண் கொடுப்பார்கள். இங்கே, "அப்படியானால் இவர் மேலாளர் இல்லையே" என்கிறார்கள். வக்கீலம்மா தலையில் கைவைத்துக்கொண்டார்.

மறுத்துவிட்டால் நாடு திரும்ப வேண்டியதுதான். லீனா செவிக் கருவியோடு இப்போதுதான் இந்தப் பள்ளியில் பேசப் பழகுகிறாள். நேற்று என் குழந்தை என்னை "பாபா" என்றாள். பாதியில் எப்படி நிறுத்துவேன்?

உன் தம்பி,
ரவூஃப்

ஸ்ஃபாக்ஸ், துனிசியா
4 நவம்பர் 1998

என் ரவூஃபுக்கு,

புகழ்ந்தது குற்றமா? சரி, "விடிந்தபின் எழுந்து எல்லாரையும் விரட்டுவான்" என்று மாற்றி எழுதுகிறேன், போதுமா? லீனா சொன்னதைப் படித்து அழுதேன்.

அறுவடை தொடங்கிவிட்டது. உன் அத்தான் ஆலைப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. முதுகுவலி என்று ஊருக்குச் சொன்னோம். கேட்பவர்களுக்காக முதுகைப் பிடித்துப் பிடித்து நிஜமாகவே கூனிவிட்டார். உன் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிறார்.

துர்ரா

நியூஜெர்சி
22 நவம்பர் 1998

அன்புள்ள அக்கா,

உன் புதுக் கடிதம் நன்றாக இருக்கிறது, ஆனால் போதாதாம். ஆளை எடுக்கவும் நீக்கவும் அங்கே எனக்கு அதிகாரம் இருந்ததற்குச் சாட்சி வேண்டுமாம். எடுத்தவர்கள் நிறையப் பேர். "யாரையாவது நீக்கினீர்களா?" என்றார் வக்கீலம்மா. இல்லை என்றேன். உண்மை தெரிந்த என் மனைவி பஸ்மா என்னை முறைத்தாள்.

நான் நீக்கிய ஒரே ஆள் உன் கணவர், நஜீப் அத்தான். பழைய எண்ணெயைப் புதியதில் கலந்தார் என்று நான் நீக்கினேன். மானம் காக்க அப்பா முதுகுவலி என்றார். இன்று அதை எழுத்தில் கேட்டால், நகராட்சியில் கையெழுத்துச் சான்று வாங்க வேண்டும். அங்கே குமாஸ்தா ஹாதி படித்தால் பொழுது சாய்வதற்குள் மீன்சந்தைக்கே தெரிந்துவிடும். நான் கேட்கமாட்டேன் அக்கா. பயத்தில் புலம்புகிறேன், அவ்வளவுதான்.

ரவூஃப்

நியூஜெர்சி
20 டிசம்பர் 1998

அக்கா,

ஏன் பதில் இல்லை? கோபமா? ஜனவரி நடுவில் கெடு முடிகிறது. தபால்காரர் தெருமுனை திரும்பும்போதே வாசலுக்கு ஓடுகிறேன். நான் எதுவும் எழுதவில்லை என்று வைத்துக்கொள்.

ரவூஃப்

ஸ்ஃபாக்ஸ்
2 ஜனவரி 1999

என் ரவூஃபுக்கு,

கோபம் இல்லை. உன் கடிதத்தை என்ன செய்வதென்று தெரியாமல் அலமாரியில் வைத்திருந்தேன். நோன்பு தொடங்கியதும் உன் அத்தான் கண்ணில் படும்படி மேசைமேல் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

படித்துவிட்டு வந்தார். "கேக்கமாட்டேன், கேக்கமாட்டேன்னு இவ்வளவு எழுதியிருக்கான் உன் தம்பி. ஒரே வரியில கேட்டுத் தொலைச்சிருக்கலாம்ல?" என்றார். பிறகு, "அந்தப் பொண்ணு இன்னும் என்னென்ன பேசுறா?" என்று கேட்டார்.

தாளைத் தானே எழுதினார். நகராட்சிக்கு நானும் போனேன். ஹாதி படித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, மரியாதையாக, "இது வேணாமே, ஸீ நஜீப்" என்றான். "சத்தமாவே படிடா. பின்னாடி நிக்கிறவங்களுக்கும் கேக்கட்டும்" என்றார் இவர். அவன் படிக்கவில்லை. ஆனாலும் ஊருக்குத் தெரிந்துவிட்டது. நோன்பு திறந்ததும் காபிக் கடைக்குப் போகிறவர் இப்போது வீட்டிலேயே இருக்கிறார்.

தாள் இதனுடன் இருக்கிறது; கெடு தவறாமலிருக்க விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். "நான் எண்ணெயைக் கலந்தேன். மேலாளர் ரவூஃப் என்னை நீக்கினார். அவர் செய்தது சரி." கடைசி வரியை உன் வக்கீலம்மா கேட்கவில்லை, உன் அத்தான் தானாகவே எழுதினார்.

மனு என்ன ஆகுமோ, அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். பெருநாளன்று உப்புமீன் சாப்பிட்டு முடிக்கும் நேரம் பார்த்து வீட்டுக்குப் போன் செய். அவரையே எடுக்கச் சொல்கிறேன். லீனாவைப் பேசச் சொல், நீயும் பேசு.

முதுகுவலி எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்காதே.

உன் அக்கா,
துர்ரா