கரும்பலகை ஓரத்தில் எழுதிய கேள்வி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ நல்லபடியாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டுதான் நான் இங்கே நடமாடிக்கொண்டிருக்கிறேன். நாங்களும் நலம் என்று எழுதப் பார்த்தேன், கை வரவில்லை. என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, மாடிக் குழாய் மறுபடி ஒழுகுகிறது, அதெல்லாம் ஒரு பக்கம் கிடக்கட்டும். உன் அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை, பேசுவதில்லை. பள்ளிக்கூட வேலையே வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டு வரப்போகிறேன் என்கிறார். போனில் சொன்னால் அழுதுவிடுவேன், நீ பயந்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

அவர் வகுப்பு வழக்கம் உனக்குத் தெரியும்தானே. பிள்ளைகள் கேட்பதற்குப் பதில் தெரியவில்லை என்றால் மழுப்ப மாட்டார். கரும்பலகையின் வலது ஓரத்தில் ஒரு கட்டம் போட்டு வைத்திருக்கிறார், அந்தக் கேள்வியை அதில் எழுதிவிடுவார். பதில் கிடைக்கும்வரை யாரும் அழிக்கக் கூடாது. எறும்பு தூங்குமா, ஒருத்தர் கொட்டாவி விட்டால் பக்கத்தில் இருப்பவருக்கும் ஏன் வருகிறது, இப்படி ஏதாவது ஒன்று அங்கே உட்கார்ந்திருக்கும். அவர் எழுதத் திரும்பினாலே சார் மாட்டிக்கிட்டார் என்று பிள்ளைகள் கை தட்டும், இவரும் சிரிப்பார். குழம்பில் உப்பு சரியா என்று கேட்டால்கூட இன்னொரு வாய் சாப்பிட்டுவிட்டுத்தான் சொல்லும் மனுஷன், வேறு எப்படி இருப்பார்.

அந்த வகுப்பில் ஒரு பெண் இருக்கிறாள். ஓயாமல் கேள்வி கேட்பதால் அப்பா அவளுக்குக் கேள்விக்குறி என்றே பெயர் வைத்திருக்கிறார், வீட்டிலும் அவள் பேச்சுத்தான். போன மாதம் அவளுடைய அப்பா ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் பல நாள் கிடந்து போய்ச் சேர்ந்துவிட்டார். காரியமெல்லாம் முடிந்து அவள் வகுப்புக்குத் திரும்பியபோது அப்பா காதைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாராம். அவள் எழுந்து, "மயக்கத்துல இருக்கறவங்களுக்கு நாம பேசறது கேக்குமா சார்?" என்று கேட்டிருக்கிறாள். இவர் பாட வேகத்தில், தெரியலையேம்மா என்று சொல்லிவிட்டுத் திரும்பி அதைக் கட்டத்தில் எழுதிவிட்டார். வழக்கம்போல எல்லோரும் கை தட்டியிருக்கிறார்கள். எழுதி முடித்துத் திரும்பினால் அந்தப் பிள்ளை மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டிருக்கிறது. அப்போதுதான் இவருக்கு உறைத்திருக்கிறது, சட்டைக் கையாலேயே அவசரமாக அழித்தாராம். அழித்து என்ன செய்ய, அவள் பையை எடுத்துக்கொண்டு போனவள்தான், பிறகு வரவேயில்லை.

அத்தோடு நின்றிருந்தால் எப்படியாவது சரிசெய்திருக்கலாம். தலைமை ஆசிரியை அப்பாவைக் கூப்பிட்டுக் காய்ச்சி எடுத்துவிட்டார். வாத்தியார் தெரியாது என்று கையை விரிக்கலாமா, அதுவும் துக்கத்தில் இருக்கும் பிள்ளையிடம், ஆறுதலாக ஒரு பதில் சொன்னால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும் என்று கேட்டாராம். பழங்களை வாங்கிக்கொண்டு அந்தம்மாவே அவள் வீட்டுக்குப் போய்க் கையைப் பிடித்து, "நீ பேசின ஒவ்வொரு வார்த்தையும் அப்பாவுக்குக் கேட்டிருக்கும்மா, நிம்மதியா இரு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், நான் ஒன்றும் குறை சொல்லவில்லை. அவள் எழுந்து அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

பிறகு அவள் அம்மாவிடம் கதவுக்கு உள்ளே இருந்து அழுதுகொண்டே சொல்லியிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் நாள்கணக்கில் காத்துக் கிடந்த அலுப்பில், அப்பா காதோரம் குனிந்து, "எங்களை இப்படிப் படுத்தறதுக்கு நீ போய்ச் சேர்ந்துடலாம்" என்று சொல்லிவிட்டாளாம். அன்றைக்கே அவர் போய்விட்டார். கேட்டிருக்காது என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்றுதான் அந்தப் பிள்ளை வகுப்பில் எழுந்து நின்றிருக்கிறது. குளிக்கப் போகும்போது மட்டும்தான் கதவு திறக்கிறதாம், வைத்த தட்டு வைத்தபடியே இருக்கிறதாம்.

அப்பா புத்தகம் புத்தகமாகப் புரட்டிவிட்டார். ஒன்று கேட்கலாம் என்கிறது, ஒன்று உறுதியாகச் சொல்ல முடியாது என்கிறது. கேட்டிருக்காது என்று ஒரு பொய்யைச் சொல்லித் தொலையுங்களேன் என்று நானே கெஞ்சினேன். "ஏற்கெனவே ஒருத்தர் தெரியாததைத் தெரியும்னு சொல்லித்தான் அவ உள்ள கிடக்கறா" என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். பள்ளிக்கூடம் விட்டதும் தினமும் போய் அந்தக் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்துவிட்டு வருகிறார். வகுப்பில் கேள்வியே கேட்காதீர்கள் என்று பிள்ளைகளிடம் சொல்கிறாராம். யார் அம்மாடி இது, உன் அப்பாவா?

நேற்று நானும் கூடப் போனேன். நாங்கள் போய் உட்கார்ந்ததும் உள்ளே இருந்து, கேட்டுதா இல்லையா சார், அதை மட்டும் சொல்லுங்க என்றாள். அப்பா, தெரியலைம்மா, யாருக்கும் தெரியாது என்றார். எனக்கு அவர் வாயைப் பொத்தலாம் போல இருந்தது. பிறகு கதவுப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து அவரே பேசினார். "ஆனா ஒண்ணு எனக்குத் தெரியும். என் பொண்ணு ஊரை விட்டுக் கிளம்பறப்ப, உங்க மூஞ்சியில இனி முழிக்க மாட்டேன்னு சொன்னா. எனக்கு நல்லாவே கேட்டுச்சு. அவ ஏறின வண்டி தெரு திரும்பறதுக்குள்ள என் மனசுல அது இல்ல" என்றார். இத்தனை வருஷத்தில் என்னிடம்கூட அவர் அதைப் பற்றிப் பேசியதில்லை.

உள்ளே தாழ்ப்பாள் லேசாக அசைந்தது, திறக்கவில்லை. "நீங்க மனசுல வெச்சுக்கலைன்னு அந்த அக்காவுக்குத் தெரியுமா சார்?" என்று கேட்டாள். அப்பா, தெரியலையேம்மா என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் என் கையை விடவேயில்லை.

புத்தகத்தில் இல்லாத அந்தப் பதில் உன்னிடம் இருக்கிறது கண்ணு. அப்பா அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை என்று உனக்குத் தெரிந்திருந்ததா? தெரியும் என்றால் தெரியும் என்று அவளிடம் உன் வாயால் சொல். இத்தனை நாளும் தெரியாமல் நீயும் உள்ளுக்குள் குமைந்துகொண்டிருந்தாய் என்றால் அதையும் அப்படியே சொல். ஆறுதலுக்காக மட்டும் எதையும் கூட்டிச் சொல்லாதே, அந்தப் பிள்ளை கண்டுபிடித்துவிடும். அவள் அந்தக் கதவைத் திறந்து வராவிட்டால் உன் அப்பாவையும் என்னால் திருப்பிக் கொண்டுவர முடியாது, எனக்கு வேறு வழி தெரியவில்லை.

நின்றுகொண்டே சாப்பிடாதே, ஈரத் தலையோடு வெளியே போகாதே. எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், அது ஒன்றைத்தான் எழுந்ததும் படுத்ததும் கேட்டுக்கொள்கிறேன். அவள் வீட்டுப் போன் எண்ணைக் கீழே எழுதியிருக்கிறேன். அவளுடைய அம்மா எழுந்து வந்து எடுக்க நேரமாகும், மணி அடித்துக்கொண்டே இருக்கும், வைத்துவிடாதே.

உன் அம்மா