பவித்ராவுக்கு மட்டும் வந்த இன்-இயர்

நவம்பர் 6, வியாழன்

காலையிலிருந்து மழை. துவைத்தது எதுவும் காயவில்லை. பட்டு ஜாக்கெட் மட்டும் ஃபேனுக்கு அடியில்.

மதியம் ஒத்திகை, முனிரத்தினம் சார் வீட்டு மாடியில். (இனி மு.சார். கை வலிக்கிறது.) ஆர்க்கெஸ்ட்ரா அவருடையது, கீபோர்டும் அவரே. அவரிடம் பதினொரு வருடமாக ரிசப்ஷன்களில் பாடுகிறேன். திருப்பதி, சித்தூர், புத்தூர், எங்கே கூப்பிட்டாலும்.

புது இன்-இயர் வந்திருந்தது. ஒரே ஒரு செட். காதுக்குள் வைத்துக்கொண்டால் மேடை இரைச்சலிலும் நம் குரல் நமக்கே கேட்கும். பெட்டியைத் திறந்ததும் எல்லோரும் சுற்றி நின்றோம். நான் கையைக்கூட நீட்டிவிட்டேன். வெட்கம்கெட்ட கை.

மு.சார்: "பாப்பா, இந்தா. இது ஒனக்கு."

பாப்பா என்றால் பவித்ரா. கங்காதர நெல்லூர்ப் பெண். இருபத்திரண்டு வயது. வந்து நாலே மாதம்.

அதோடு விட்டாரா? பெண்ணும் மாப்பிள்ளையும் மேடைக்கு நடந்து வரும்போது பாடுவோமே, என்ட்ரி பாட்டு, அதுவும் இனி அவளுக்காம். "மேல போற எடத்துல அவளுக்கு ஈசியா போவுது லதா. நீ சீட்டுப் பாட்டெல்லாம் பாத்துக்கோ." சீட்டுப் பாட்டு என்றால் சாப்பிட்டுவிட்டு வருகிறவர்கள் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பது. பாதி தெலுங்கு, பாதி தமிழ். நாம் பாட ஆரம்பிப்பதற்குள் எழுதிக் கொடுத்தவர் பஸ் பிடிக்கப் போயிருப்பார்.

"சரி சார்" என்றேன். வயிறு எரிந்தது. இங்கேயாவது எழுதலாம் அல்லவா.

வாங்க வேண்டியது: பால், பெருங்காயம், அதிமதுரம், சேஃப்டி பின்.

நவம்பர் 7, வெள்ளி

தூறல். மறுபடி ஒத்திகை. ப. (பவித்ராவுக்கும் இனி ஒரே எழுத்துதான்) டீ குடிக்கக் கீழே போனாள். போட்டுப் பார்த்தேன்.

மூன்று அளவில் ரப்பர், ஒரு ஜோடி ஸ்பாஞ்ச். ஸ்பாஞ்சை விரலில் உருட்டிச் சின்னதாக்கி உள்ளே விட்டால் மெல்ல உப்பிக் காதை அடைத்துக்கொள்கிறது. வெளிச்சத்தமே நின்றுபோனது. மு.சார் வாய் அசைகிறது, ஒன்றும் கேட்கவில்லை. அதுவே ஒரு சுகம். பிறகு மைக்கில் ஒரு "ம்ம்" மட்டும். என் குரல் நெற்றிக்கு நடுவில் வந்து உட்கார்ந்தது. தபேலாவில் இடது கை தனி, வலது கை தனி. அரை நிமிடம் இருக்கும். படியில் காலடி. கழற்றி வைத்துவிட்டேன்.

என்னுடைய பழைய செட்: வலது காதுக்கு நடுத்தர ரப்பர் பெரிசு, சின்ன ரப்பர் வழுக்கும். வேர்த்தால் கழன்று தோளில் தொங்கும். இடது பக்கம் ஒயரை ஒரு தினுசாக வளைத்துப் பிடித்தால்தான் பாட்டு வரும். அந்த இடத்தில் கருப்பு டேப். ஆறு வருடமாக இதோடுதான் குடித்தனம்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "காதுக்குள்ள இன்னா கீதுன்னு யாரு வந்து எட்டிப் பாக்கப் போறாங்க? வா, வந்து துன்னு."

யாரும் பார்க்க வேண்டாம். கொடுக்கும்போது என் பெயர் ஏன் அவர் வாயில் வரவில்லை? அதுதான் என் கேள்வி.

நவம்பர் 9, ஞாயிறு

சித்தூர் ரிசப்ஷன். மழை விட்டிருந்தது. வேனில் ஜன்னல் சீட்டு ப.வுக்கு. அவளுக்கு வாந்தி வருமாம். எனக்கு வந்தால் என்ன செய்வார்களோ.

மண்டபத்தில் கூத்து. இன்-இயர் ஒயருக்குக் காது மேல் சுற்றிப் போகிற வளைவு. ப.வோ ஜிமிக்கி, மாட்டல், பூ எல்லாம் வைத்துக்கொண்டுதான் மேடை ஏறுவாள். மாட்டல் சங்கிலியும் ஒயரும் பின்னிக்கொண்டன. கண்ணீரே வந்துவிட்டது பெண்ணுக்கு. நான்தான் பிரித்துவிட்டேன். "தேங்ஸ்க்கா, நீங்க இல்லன்னா இன்னா பண்ணிகினு இருப்பேனோ." ஒயர் பட்டுப்புடவையில் உரசி, பாட்டு முழுக்கக் காதுக்குள் கரகரவென்று இருந்ததாம். உள்ளுக்குள் எனக்கு எவ்வளவு குளுகுளு என்று எழுதினால் பாவம். குளுகுளுதான்.

ஆனாலும் என்ட்ரி பாட்டைப் பாடிவிட்டாள். கைதட்டல். முன்வரிசையில் ஒரு அம்மா பக்கத்துச் சீட்டிடம்: "அந்தச் சின்னப் பொண்ணு இன்னாமா பாடுது!"

எனக்கு ஏழு துண்டுச் சீட்டு. ஏழாவதில் பாட்டே இல்லை, யாரோ கார் நம்பரை எழுதி எடுக்கச் சொல்லியிருந்தார்கள்.

நவம்பர் 11, செவ்வாய்

மேகமூட்டம். முருங்கைக்கீரை ஆய்ந்து வைத்துவிட்டு ஒத்திகைக்குப் போனேன்.

சவுண்ட் பார்க்கிற கிரி வேறு ஒயர் கொண்டுவந்திருந்தான். மெலிசு, வளைவு இல்லை. இரண்டு பக்கமும் பிடுங்கிச் செருகலாம், ஒவ்வொரு முனையிலும் இரண்டு ஊசி. முதலில் காதில் வைத்துக்கொண்டு, நகை எல்லாம் போட்டு முடித்து, கடைசியில் ஒயரைச் செருகினால் போதும். நல்ல யோசனைதான். அந்த யோசனையை எனக்காக யாரும் ஆறு வருடத்தில் யோசிக்கவில்லை.

ப. வெளியே அம்மாவோடு போனில். கிரி என்னிடம்: "அக்கா, வினண்டி, கேளுங்க. முனையில சின்ன வெள்ளைப் புள்ளி இருக்குது பாருங்க. ரெண்டு காதுலயும் புள்ளி வெளிய பாக்கணும். ஒண்ணு தலகீழா சொருவினா போச்சு. பாட்டு வரும், ஆனா குரல் நடுவுல நிக்காது. மண்டைக்குப் பின்னால எங்கயோ போயிடும். கும்முனு வர்ற பேஸ்ஸும் இருக்காது. எனக்கு லோடு ஏத்தணும், பவித்ராகிட்ட நீங்க சொல்லிடுங்க."

சொல்லிவிடுகிறேன் என்றேன்.

ப. உள்ளே வந்தாள். கையில் எனக்கும் ஒரு பஜ்ஜி. வாங்கிக்கொண்டேன், தின்றேன், பஸ் ஏறினேன். சொல்லவில்லை.

மறக்கவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

நவம்பர் 13, வியாழன்

காலையில் வெயில். பாகாலாவில் ரிசப்ஷன். வேனில் ஏறும்போதே சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அப்போது மு.சார் திரும்பி, "பாப்பா, தூங்கிக்கோ, தொண்டைக்கு ரெஸ்ட்டு" என்றார். வாயை மூடிக்கொண்டேன்.

ஆறரை மணி. மேடைக்குப் பின்னால் ரசம் போன கண்ணாடி. ப. ஜிமிக்கி போட்டு, மாட்டல் போட்டு, தடவித் தடவி ஒயரைச் செருகினாள். திரும்பி நின்று, "சரியா கீதுங்களாக்கா?" என்றாள். மாட்டலைப் பற்றித்தான் கேட்டாள்.

வலது காதில் புள்ளி தெரிந்தது. இடது காதில் தெரியவில்லை.

"சரியா இருக்கு" என்றேன்.

என்ட்ரி பாட்டு. முதல் வரியிலேயே முகம் மாறியது. கையால் காதை அழுத்தினாள். கிரியைப் பார்த்து ஏற்று ஏற்று என்று சைகை. அவன் ஏற்றினான். ஏற்றி என்ன பயன். இரண்டாவது வரியில் தாளம் தப்பி அரை அடி முந்திவிட்டாள். மு.சார் கீபோர்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். எனக்குப் பயமா சந்தோஷமா தெரியவில்லை, இரண்டும்தான்.

சரணத்துக்கு முன்னால் இரண்டையும் பிடுங்கிக் கழுத்தில் போட்டாள். தரையில் இருந்த ஸ்பீக்கர் பக்கம் ஒரு எட்டு நகர்ந்து, பெண் மாப்பிள்ளையைப் பார்த்துப் பாடினாள். மேலே போகிற இடத்துக்குச் சிரித்துக்கொண்டே போனாள். விசில்.

முடிந்து இலையில் உட்கார்ந்தபோது என் பக்கத்தில் வந்து, மெல்லிய குரலில்: "அக்கா, புதுசுன்னா இப்டித்தான் இருக்குமா? என் கொரலே எனக்குக் கேக்கல. சார்கிட்ட சொல்ல பயமா கீது, ஆசையா வாங்கிக் குடுத்தாரு. நான் எதுனா தப்பா போட்டுக்கினேனா?"

அப்போது சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம்.

"சில பேர் காதுக்கு ஒத்துக்காது" என்றேன்.

"அப்ப நீங்க வச்சுக்கங்கக்கா. உங்க காதுக்கு ஒத்துக்கும். நான் சார்கிட்ட சொல்லிக்கறேன்." பெட்டியை என் பைக்குள் அவளே வைத்தாள். பாயசம் இனிப்பு ஜாஸ்தி.

நவம்பர் 14, வெள்ளி

நல்ல வெயில். ஜாக்கெட், போர்வை எல்லாம் காய்ந்தது. வீட்டுக்காரர் டூட்டிக்குப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு பெட்டியைத் திறந்தேன்.

முதலில் அவள் செருகியிருந்தபடியே கேட்டேன். போனில் ஏதோ பாட்டு. தலைக்குள் வெறும் பள்ளம். பாடுகிறவர் பக்கத்து வீட்டில் இருக்கிற மாதிரி. இதை வைத்துக்கொண்டா அத்தனை பேருக்கு முன்னால் முழுப் பல்லவி பாடினாள். நானாக இருந்தால் நின்றிருப்பேன்.

இடது ஊசியைத் திருப்பிச் செருகினேன். ஸ்பாஞ்சை உருட்டி உள்ளே விட்டேன். வந்தது பாருங்கள் சத்தம். காதில் கனமே இல்லை. ஒயர் தோளில் கிடப்பது தெரியவில்லை. எனக்கென்றே செய்தது.

கிரி ஒவ்வொரு நிகழ்ச்சியையும் மிக்ஸரிலிருந்து பதிவுசெய்து அனுப்புவான். போன வருடம் புத்தூரில் நான் பாடிய என்ட்ரி பாட்டைப் போட்டேன். பழைய செட்டில் நூறு முறை கேட்டுப் பெருமைப்பட்டது.

மேலே போகிற இடம். குரல் தொடவில்லை. கொஞ்சம் கீழேயே நின்றுவிடுகிறது. பின்னால் கீபோர்டு சரியான இடத்தில் நிற்கிறது, நான் அதற்குக் கீழே. பின்னோக்கித் தள்ளிக் கேட்டேன். கீழேதான். போன தையில் சத்தியவேட்டில் பாடியதைப் போட்டேன். அங்கேயும். மூன்றாவதாக ஒன்று. அதில் இன்னும் கீழே. ஒரு இடத்தில் மு.சார் கீபோர்டைச் சத்தமாக்கி என்னை மூடியிருக்கிறார். அதுகூடக் கேட்கிறது.

எத்தனை நாளாக மூடிக்கொண்டிருந்தாரோ. ஒரு வார்த்தை சொல்லவில்லை மனுஷன்.

பிறகு பவித்ராவின் சித்தூர் பாட்டு. பாதியில் நிறுத்திவிட்டேன்.

சாதம் குழைந்துவிட்டது. சாப்பிடப் பிடிக்கவில்லை.

மூன்று மணிக்கு மு.சார் போன். "லதா, பாப்பாவுக்கு அந்த செட்டு ஒத்துக்கலயாமே. பயந்துபோயி கீது பொண்ணு, கொஞ்ச நாளு என்ட்ரி வேணாம் சார்ங்குது. ஞாயித்துக்கெழம நீயே பாடிடறியா?"

பவித்ராவுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஒயரைத் திருப்பினால் போதும் என்று சொல்ல வாய் திறந்தேன்.

"பாடறேன் சார்" என்றேன்.

ஞாயிறன்று மேலே போகிற அந்த இடம் வரும்போது எனக்கு மிகத் தெளிவாகக் கேட்கும்.