முப்பத்தேழாம் எண்ணின் வாளி

நவம்பர் 6, வியாழன்

விடியற்காலையிலிருந்து மழை. ஹாஸ்டல் கொடியில் மூன்று நாளாகக் காயாத வெள்ளைக் கோட்டு. அயர்ன் பாக்ஸை வைத்துத் தேய்த்தே காயவைத்துப் போட்டுக்கொண்டு போனேன். நாள் முழுக்க என் மேலேயே ஊறல் வாடை.

தீசிஸ் கொடுக்கக் கடைசி நாள் 28. மிச்சம் இருப்பவை:
– முன்னுரையைச் சுருக்க (சீஃப்: "இம்புட்டையும் யாரு படிப்பா?")
– மேற்கோள் எண்கள் 31க்குப் பிறகு ஒன்று தள்ளி நிற்கின்றன
– பைண்டிங் கடையில் சொல்லிவைக்க
– அட்டை என்ன நிறம்? கேட்க
– ஷாம்பு

மதியம் புள்ளியியல் சார் ஃபோன். "டாக்டர், ரிசல்ட் சூப்பர். புது மாத்திரை தெளிவா ஜெயிச்சிருச்சு." வராந்தாவிலேயே ஒரு குதி குதித்தேன். ட்ராலி தள்ளிக்கொண்டு வந்த அண்ணன் ஒதுங்கிப் போனார். ஒன்றரை வருட உழைப்பு. சர்க்கரை நோயில் பாத எரிச்சல், அறுபது பேர். பாதிப் பேருக்குப் பழைய மாத்திரை, பாதிப் பேருக்குப் புதியது. பதினைந்து நாளைக்கு ஒருமுறை நானே ஃபோன் போட்டு, கேட்டு, நானே எழுதியது.

சீஃபிடம் காட்டினேன். என் யூனிட் தலைவர், தீசிஸுக்கு கைடும் அவரே. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு இரண்டு முறை பார்த்தார். "பரவாயில்லையே" என்றார். அவர் வாயில் அது தங்க மெடல்.

அம்மாவிடம் சொன்னேன். அப்பா பக்கத்து வயலுக்குக் கேட்கும்படி கத்தினாராம்.

நவம்பர் 8, சனி

ஓ.பி.யில் கூட்டம். பேனா தொலைந்தது. மதியச் சோறு சாம்பாரும் ஊசிப்போன பொரியலும்.

சர்ஜரி வார்டிலிருந்து அழைப்பு: கால் புண், சர்க்கரை 400க்கு மேல், வந்து பார்க்கவும். போனேன். கட்டிலில் இருந்தது என் ஆய்வின் எண் 37.

பேச்சியம்மாள், 58. பரவை மார்க்கெட்டில் வெங்காயம் பொறுக்கிப் பிரிக்கிற வேலை. புது மாத்திரை. என் எண்களிலேயே எனக்குப் பிடித்த எண். ஒவ்வொரு ஃபோனிலும் "சாப்புட்டியா தாயி?" என்று என்னை விசாரித்த பிறகுதான் தன் காலைப் பற்றிப் பேசுவார். வலது காலில் இரண்டு விரல் கறுத்துப்போயிருந்தன. வாடை.

"கடைசியா ஃபோன்ல கேட்டப்பகூட பரவாயில்லன்னு சொன்னீங்களேம்மா" என்றேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டார். மகள் வள்ளிதான் வெடித்தாள்.

"என்னத்தப் பரவாயில்ல? எங்கம்மா ஆறு மாசமா ராத்திரி பூராம் பிளாஸ்டிக் வாளில தண்ணிய வச்சு, அதுக்குள்ள கால விட்டுக்கிட்டே உக்காந்திருக்கும் மேடம். அப்பத்தேன் எரியாதாம். விடிய விடிய ஊறி, விரலிடுக்கெல்லாம் வெள்ளையா வெந்துபோச்சு. நீங்க மாத்திர குடுக்குறீகன்னு நாங்களும் சும்மா இருந்துட்டோம்."

குறிப்பு எழுத உட்கார்ந்தேன். இன்சுலின் அளவை அடித்துத் திருத்தி எழுதினேன்.

நவம்பர் 9, ஞாயிறு

லீவு நாள். துணி துவைக்கவில்லை.

ஃபோன் நோட்டை எடுத்தேன். நீல அட்டை, அறுபது பேருக்கும் ஆளுக்கொரு பக்கம். எண் 37: பன்னிரண்டு முறை கேட்டிருக்கிறேன். பன்னிரண்டிலும் ப.இ.

ப.இ. என்றால் பரவாயில்லை. அந்தச் சுருக்கம் நானே வைத்துக்கொண்டது. எல்லாரும் அதையே சொன்னால் எத்தனை தடவை முழுதாக எழுதுவது? படிவத்தில் இருப்பது வேறு. எரிச்சல் 'குறைந்துள்ளது', 'மாற்றமில்லை', 'அதிகரித்துள்ளது' என்று மூன்று கட்டம். மொழிபெயர்த்ததும் நான்தான், காலேஜின் ஆய்வு நெறிமுறைக் கமிட்டியும் ஒப்புக்கொண்டது. இந்த ஊரில் எவர் வாயிலிருந்தாவது 'குறைந்துள்ளது' வருமா? வராது. ப.இ. வரும். நான் முதல் கட்டத்தில் டிக் போடுவேன்.

என் ஆய்வுத் திட்டத்தின் நான்காம் பக்கத்தில் நானே எழுதியது: 'எரிச்சல் அதிகரித்தவர்களை உடனே வரவழைத்துப் பாதத்தைப் பரிசோதிக்க வேண்டும்.' 37ஐ வரவழைக்கவே இல்லை. அவர்தான் குறைந்தவராயிற்றே. எனக்கு என்னை அறைய வேண்டும் போல இருக்கிறது.

நவம்பர் 10, திங்கள்

இரண்டு விரலையும் எடுத்துவிட்டார்கள். மீதிப் பாதம் நிற்குமா என்பது பத்து நாளில் தெரியுமாம். சர்ஜரி பி.ஜி. "உங்க ஸ்டடி பேஷன்டா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டான். எனக்குக் காது சூடாகிவிட்டது.

சாயங்காலம் தனியாகப் போய் உட்கார்ந்தேன். வள்ளி டீ வாங்கப் போயிருந்தாள்.

"ஏம்மா, எரியுதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"எப்பிடித் தாயி சொல்றது? குறைஞ்சிருக்குல்லம்மா, குறைஞ்சிருக்குல்லன்னு எம்புட்டு ஆசையாக் கேப்ப. இல்லன்னு சொன்னா ஒன் மொகம் வாடிரும். ஒன் பெரிய டாக்டரு ஒன்னைய வைவாருல்ல."

ஃபோனில் என் முகம் எப்படித் தெரிந்தது என்று கேட்கத் தோன்றவில்லை. பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

நவம்பர் 11, செவ்வாய்

மழை விட்டது. வெயில் சுள்ளென்று.

'ஆசையாக் கேப்ப.' காலையிலிருந்து அதுவே மண்டைக்குள். மதியம் மறுபடி நோட்டு. இந்த முறை படிவங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக.

எழுதவே கூசுகிறது. இந்த நோட்டில்கூட எழுதாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும்.

பழைய மாத்திரைக்காரர்களும் ப.இ. என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். அதே சொல். ஆனால் அவர்களுக்கு நான் 'மாற்றமில்லை' கட்டத்தில் டிக் போட்டிருக்கிறேன். புது மாத்திரைக்காரர்களுக்கு 'குறைந்துள்ளது'. அங்கொன்று இங்கொன்று இல்லை, பக்கம் பக்கமாக. யாருக்கு எந்த மாத்திரை என்று எனக்குத் தெரியும். புதியவர்களிடம் "குறைஞ்சிருக்குல்ல?" பழையவர்களிடம் "எப்படி இருக்கு?" என் குரல் எனக்கே இப்போது கேட்கிறது.

நான் பொய் எழுதவில்லை. சொன்னதைத்தான் எழுதினேன். டிக் மட்டும் ஆசைப்பட்ட பக்கம் போயிருக்கிறது. மாத்திரை ஜெயிக்கவில்லை, என் ஆசைதான் ஜெயித்திருக்கிறது.

யோசித்தவை:
1. வாயை மூடிக்கொண்டு 28ஆம் தேதி கொடுத்துவிடுவது. நோட்டை யார் கேட்கப்போகிறார்கள்?
2. 37ஐ மட்டும் 'பாதியில் விலகியவர்' என்று போடுவது.
3. தெரியவில்லை.

இரண்டாவதை அரை மணி நேரம் நிஜமாகவே யோசித்தேன். கம்ப்யூட்டரில் அந்த வரியில் கர்சரைக்கூட வைத்தேன். பேச்சியம்மாள் இந்த நேரத்துக்கு நான் சாப்பிட்டேனா என்று கேட்டிருப்பார். மூடிவிட்டேன்.

நவம்பர் 12, புதன்

இன்னும் எத்தனை வாளி?

நவம்பர் 13, வியாழன்

ஓ.பி. முடித்து மூன்று மணியிலிருந்து ஃபோன். எரிச்சல் என்ற பேச்சையே எடுக்கவில்லை. ஒரே கேள்வி: "தூங்குறதுக்கு முன்னாடி காலுக்கு என்ன செய்வீங்க?"

4 – வாளி.
9 – வாளி இல்லை, ஈரத்துணி சுற்றிக்கொள்வாராம்.
11 – சிமெண்டுத் தரையில் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே இருப்பாராம். தரை வழவழவென்று ஆகிவிட்டதாம்.
16 – நிஜமாகவே குறைந்திருக்கிறது. இரண்டாம் முறை கேட்டதும் கோபம். "அதேன் பரவாயில்லன்னு சொல்றேன்ல!"
18 – ஃப்ரிட்ஜில் வைத்த பாட்டிலைக் காலின் மேல் உருட்டுவாராம்.
22 – மாத்திரையே சாப்பிடுவதில்லை. "கெறக்கமா வந்துச்சும்மா, நிப்பாட்டிட்டேன். ஒங்ககிட்டச் சொன்னா சங்கடப்படுவீகன்னு சொல்லல."
27 – ஸ்விட்ச் ஆஃப்.
30 – வாளி.
33 – வாளி.

நாலாம் நம்பர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "ஒங்களுக்கு யாரு சொன்னா?"

நவம்பர் 15, சனி

ஐம்பத்து மூன்று பேரிடம் கேட்டாகிவிட்டது. பழைய மாத்திரை, புது மாத்திரை இரண்டிலும் வாளிதான், ஏறக்குறைய ஒரே அளவில். குரல் கட்டிவிட்டது. ஸ்ட்ரெப்சில்ஸ் தீர்ந்தது.

52, நாகமலை புதுக்கோட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர்: விரலிடுக்கில் வெள்ளையாக ஊறியிருக்கிறது, கொஞ்சம் வெடித்திருக்கிறதாம். "கடையப் பூட்டிட்டு இப்பவே வாங்க" என்று கத்திவிட்டேன். மனிதர் பயந்துபோய் ஆட்டோவில் வந்தார். வெடிப்புதான், சீழ் இல்லை. கட்டுப்போட்டு, வாளியை ஒழிக்கச் சொல்லி, அவர் மனைவியிடம் தனியாகவும் சொல்லி அனுப்பினேன். இத்தனை நாளில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம்.

திங்கட்கிழமை சீஃபிடம் போக வேண்டும்.

நவம்பர் 17, திங்கள்

போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். நீல நோட்டை மேஜையில் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை.

"டேட்டா லாக் பண்ணியாச்சு, இனிமே திருத்தக் கூடாது. எதுக்கு இப்பக் கெளர்ற? பேஷன்ட்ஸ் பின்னாடி ஆயிரம் சொல்லுவாங்க."

"சார், அவங்க முன்னாடி சொன்னதுதான் சார் தப்பு. நான் கேட்ட விதம் தப்பு."

"நான் கேட்டா சரியாச் சொல்றாங்களா இல்லையா பாப்போம்." பட்டியலில் விரலை வைத்தார். 41, ரிட்டயர்டு வாத்தியார். ஸ்பீக்கரில் போட்டார்.

"வணக்கம். சீஃப் டாக்டர் பேசுறேன். கால் எரிச்சல் எப்படி இருக்கு?"

"பெரிய டாக்டருங்களா! பரவாயில்லைங்கய்யா. ரொம்பப் பரவாயில்ல. எல்லாம் ஒங்க புண்ணியம்."

சீஃப் என்னைப் பார்த்தார். கேட்டுக்கிட்டியா என்பது போல. நான் ஃபோன் பக்கம் குனிந்தேன்.

"சார், நான் வழக்கமாப் பேசுற டாக்டர். தூங்குறதுக்கு முன்னாடி தண்ணிக்குள்ள கால் வைக்கிறீங்களா?"

வாத்தியார் டி.வி. சத்தத்தைக் குறைத்தார்.

"அது… வைக்கிறதுதாம்மா. அது இல்லாம எப்பிடித் தூங்குறது?"

சீஃப் ஃபோனை வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தார். பிறகு நோட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். பத்து நிமிஷம் இருக்கும். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"எல்லாத்தையும் திருத்தி மறுபடி கணக்குப் போடு. கமிட்டிக்கு எழுது. முப்பத்தேழு பத்தியும் எழுது. நானும் கையெழுத்துப் போடுறேன்."

"தீசிஸ் சார்?"

"இருபத்தெட்டுக்குள்ள கமிட்டி பாக்காது. அது பாக்குறவரைக்கும் தீசிஸ்ல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"ஆறு மாசம் போயிரும் சார். பரீட்சை எழுத முடியாது."

"போகும்" என்றார். கதவுவரை வந்த பிறகு கூப்பிட்டார். ஏதோ சொல்ல வந்து, "ஃபேனை நிறுத்திட்டுப் போ" என்றார்.

நவம்பர் 18, செவ்வாய்

புள்ளியியல் சார்: "என்ன டாக்டர், ஒரு வித்தியாசமும் இல்லாமப் போச்சு? பழைய ஃபைலே நல்லா இருந்துச்சே."

பைண்டிங் கடைக்காரரிடம் வேண்டாம் என்று சொன்னேன். அட்டை வெட்டிவிட்டாராம். மெரூன்.

நவம்பர் 19, புதன்

அம்மா ஃபோன். சித்திரையில் நான் பெரிய டாக்டர் ஆனதும் கிடா வெட்டுவதாக அப்பா நேர்ந்திருக்கிறாராம். கிடாக்குட்டியும் வாங்கியாயிற்றாம். ஊரான் வயலில் குனிந்தே முதுகு போன மனிதர். எங்கள் தெருவில் முதல் டாக்டர் நான். அவரிடம் எப்படிச் சொல்ல?

"என்னாத்தா, கொரலு ஒரு மாதிரி இருக்கு? ஒடம்புக்கு ஒண்ணுமில்லயே?"

"பரவாயில்லம்மா" என்றேன்.

சொல்லிவிட்டு எனக்கே தூக்கிவாரிப் போட்டது. வைத்துவிட்டேன். பிறகு நானே மறுபடி கூப்பிட்டேன். "பரவாயில்லன்னு சொன்னது சும்மா. நல்லா இல்லம்மா" என்று எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவுக்குப் பாதி புரியவில்லை. "அந்தப் பொம்பள கால் பொழைக்குமா?" என்றுதான் முதலில் கேட்டாள். தெரியாது என்றேன். அப்பா ஃபோனுக்கு வரவே இல்லை.

நவம்பர் 20, வியாழன்

அப்பாவிடமிருந்து இன்னும் பேச்சில்லை. தலைவலி. கமிட்டிக்கு எழுதிய கடிதம் மூன்று பக்கம். நாலு முறை கிழித்தேன். 27 மட்டும் இன்னும் ஸ்விட்ச் ஆஃப்.

நவம்பர் 21, வெள்ளி

மறுபடி தூறல். கட்டுப் பிரித்தார்கள். புண் அடியில் சிவப்பாக இருக்கிறது, பாதம் அநேகமாக நிற்கும் என்கிறான் சர்ஜரி பி.ஜி. அநேகமாக.

கட்டு மாற்றி முடித்ததும் படிவத்தை எடுத்துக்கொண்டு பேச்சியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பதின்மூன்றாவது முறை.

"கால் எப்படிம்மா இருக்கு?"

"பரவா—" என்றவர் நிறுத்திக்கொண்டார். என் முகத்தையே பார்த்தார். நான் முகத்தை எந்தப் பக்கமும் காட்டாமல் வைத்துக்கொள்ளப் பார்த்தேன். முடிந்ததா தெரியாது.

"எரியுது தாயி. வெட்டி எடுத்தாகல்ல, அந்த ரெண்டு வெரலுந்தேன் எரியுது. இல்லாத வெரலு எப்பிடி எரியும்? நாம் பொய் சொல்றேன்னு நெனைச்சிராத."

மூன்று கட்டத்தில் எதிலும் டிக் போடவில்லை. கீழே வெற்றிடத்தில் அவர் சொன்னதை அப்படியே எழுதினேன். எழுதியதைப் படித்தும் காட்டினேன்.

"ஒன் பெரிய டாக்டரு வைய மாட்டாரா?"

"வைஞ்சு முடிச்சாச்சும்மா."

"அப்பச் சரி" என்று போர்வையை விலக்கி, நல்ல கால் என்று நாங்கள் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்த இடது காலை என் பக்கம் நீட்டினார். "இதுவும் எரியுது. எழுதிக்க."