ஒன்பது ஊரும் இருபத்தையாயிரம் மைலும்

கிளேற்றன், மெல்பேர்ன்.

1978 பெப்ரவரி 12, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று நாற்பது. அம்மா பார்க்க வேண்டும் என்று நீ எழுதி அனுப்பிய ஊர்கள் ஒன்பது.

அன்புள்ள தங்கச்சி ரஞ்சினிக்கு,

இங்கே அம்மாவும் உன் அண்ணி யோகாவும் நானும் சுகம், வெயில் மட்டும் முப்பத்தொன்பது பாகையில் நிற்கிறது. அங்கே நீயும் இந்திரகுமாரும் சின்னவளும் பனிக்குள் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று அம்மா காலையில் விளக்கு வைக்கும்போது சொன்னதை முதலில் எழுதிவிடுகிறேன். வழக்கமாக அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். இன்றைக்கு ஒன்றும் சொல்லமாட்டேன் என்று அடுத்த அறையில் போய்ப் படுத்துவிட்டார். அப்பா போனதிலிருந்து இந்த வீட்டில் தகப்பன் உத்தியோகமும் என் தலையில்தான், அந்தக் கதிரையில் இருந்து எழுதுகிறேன், முகம் கோணாமல் வாசி.

உன் பட்டியல் வியாழக்கிழமை வந்தது. ஜூன் மூன்றாம் திகதி ரொறன்ரோவில் இறங்கும் அம்மாவுக்கு நாற்பத்திரண்டு நாள். முதல் இரவும் கடைசி இரவும் உன் வீடு, மிச்சம் நாற்பது இரவும் கனடா தரிசனம். நான் வீதி போடும் இலாகாவில் வேலை செய்கிறவன், ஊர்ப் பெயரைக் கண்டால் வரைபடத்தை விரிக்காமல் இருக்க முடியாது. நீ எழுதிய ஒழுங்கிலேயே பென்சிலால் கோடு போட்டேன். முதலில் பான்ஃப், மேற்கே மலைக்குள். அங்கிருந்து சார்லட்டவுண், கிழக்குக் கடலில் ஒரு தீவு. அங்கிருந்து டோசன், வடமேற்கு மூலை, அதற்கு மேலே கரடிதான். திரும்பவும் கிழக்கே ஹலிஃபாக்ஸ். அதற்குப் பிறகு ஜாஸ்பர். ஜாஸ்பர் எங்கே இருக்கிறது தெரியுமோ, முதலில் பார்த்த பான்ஃபிலிருந்து நூற்றெண்பது மைலில். பக்கத்து ஊருக்குப் போவதற்கு அறுபத்திரண்டு வயது மனுசியை இரண்டு தரம் அட்லாண்டிக் கடலைப் பார்த்துவிட்டு வரச் சொல்லுகிறாய். பிறகு நயாகரா, கியூபெக், வன்கூவர், வினிப்பெக். எல்லாவற்றையும் கூட்டினால் இருபத்தையாயிரம் மைல் வருகிறது, பூமியை ஒருதரம் சுற்றி வந்தாலும் அவ்வளவுதான். நாளுக்குப் பன்னிரண்டரை மணித்தியாலம் கார் ஓட வேண்டும், இறங்கிப் பார்க்க நேரம் இல்லை, கண்ணாடிக்குள்ளால் கும்பிட்டுக்கொண்டு போக வேண்டியதுதான்.

அம்மாவுக்கு மைல் கணக்கு விளங்காது, ஆனால் இரவுக் கணக்கு விளங்கும். வெள்ளிக்கிழமை மகேந்திரராஜா அங்கிள் வந்தபோது உன் பட்டியலை அம்மா பெருமையாகத்தான் வாசிக்கச் சொன்னார். அங்கிளும் விடவில்லை, பிள்ளை ரஞ்சினி கனடாவைக் காணி உறுதி முடிச்சு வாங்கிப் போட்டாள் போல கிடக்கு என்றார். ஹலிஃபாக்ஸில் திமிங்கிலம் பார்க்கலாம் என்று நீ எழுதியிருந்த இடம் வந்தது, அதை நான் ஏன் போய்ப் பாப்பான், அது என்னை வரச்சொல்லிக் கேட்டதோ என்று அம்மா சொல்ல எல்லோரும் சிரித்தோம். அங்கிள் போன பிறகு குசினிக்குள் நின்று விரல் மடித்து எண்ணியிருக்கிறார். என்னிடம் வந்து, ரெண்டே ரெண்டு ராத்திரியோடா எனக்கு அவளின்ர வீட்டில என்று கேட்டார். நான் ஓம் என்றேன், கணக்கு அதுதானே. அவளுக்கு என்னை வச்சிருக்க விருப்பமில்லை, நேர சொல்லேலாமல் ஊர் சுத்திக் காட்டுறாள், நான் போகேல்லை, டிக்கற்றை விடு என்றார். நேற்று முழுக்க அதே பல்லவி. உனக்கு எழுத வேண்டாம் என்றும் சொன்னார், அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு வேறு சந்தேகம் வந்து நேற்று நகரத்துக்குப் போய் ஒரு பயண அலுவலகத்தில் கனடாவைப் பற்றிச் சிறு புத்தகம் ஒன்று கேட்டு வாங்கினேன். ஆங்கில அகர வரிசையில் அந்த ஒன்பது ஊர், நீ எழுதிய அதே ஒழுங்கு, திமிங்கிலம் உட்பட. நீ தமிழ்ப்படுத்தியிருக்கிறாய், நல்ல தமிழ்தான். ஆனால் நயாகராவில் சறுக்கிவிட்டாய். அது தூரம், வழியில் ஓர் இரவு தங்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். உன் வீட்டிலிருந்து அது எண்பது மைல் மோனை, காலையில் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய் மத்தியானச் சோற்றுக்குத் திரும்பலாம். முந்திய வருடம் வெள்ளி பின்னேரம் வெளிக்கிட்டு வன்கூவர் கடற்கரையில் நின்றுவிட்டு ஞாயிறு வீட்டுக்கு வந்தோம் என்றும் எழுதினாய். உங்கள் பழைய காருக்கு அன்றைக்குச் சிறகு முளைத்ததாக்கும் என்று பேசாமல் இருந்தேன்.

ஆகவே அம்மா நினைப்பது பிழை. கனடா போய் நாலு வருடத்தில் எண்பது மைல் போகாத ஆள் தாயைத் துரத்துகிற ஆள் இல்லை, ஓய்வு நாளே இல்லாமல் வேலைக்குப் போகிற ஆள். நீங்கள் இரண்டு பேரும் மாறி மாறிப் போகிறீர்கள், பிள்ளையை ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்குகிறீர்கள், வீட்டில் இன்னொரு கட்டில் போட இடமில்லை, இந்திரகுமார் பார்ப்பதும் நீ எழுதிய கணக்காளர் வேலை இல்லை. இதெல்லாம் என் ஊகம். பிழை என்றால் எழுது, சந்தோசப்படுவேன்.

எப்படி ஊகித்தாய் என்று கேட்பாய். இங்கே வந்த முதல் வருடம் வீதி இலாகாவில் என்ஜினியர், வெளிக்கள வேலை என்று நான் எழுதினேன் அல்லவா, அந்த வெளிக்களத்தில் என் வேலை வீதி திருத்துகிற இடத்தில் பலகை பிடிப்பது. ஒரு பக்கம் நில், மறுபக்கம் மெதுவாகப் போ. பதினான்கு மாதம் பிடித்தேன். என்ர மகன் சொன்னால்தான் அங்க காரே ஓடும் என்று அம்மா அப்போது ஊரில் சொல்லித் திரிந்தாராம், அதில் ஒரு எழுத்தும் பொய்யில்லை. அம்மாவுக்கு இது இன்றுவரை தெரியாது. தெரிந்திருந்தால் அந்த வருடம் எனக்கு எழுதிய கடிதங்களில் பெண் பார்த்த கதையை விட்டுவிட்டுச் சாப்பிட்டாயா என்று கேட்டிருப்பார். பொய் எழுதி எனக்குக் கிடைத்த இலாபம் அவ்வளவுதான், உனக்கும் அதற்கு மேல் கிடையாது.

அம்மாவுக்குப் படுக்க நிலம் போதும், பார்க்க நீயும் அந்தப் பிள்ளையும் போதும். நீ வேலைக்குப் போகிற நேரம் பிள்ளையை மடியில் வைத்திருக்க அந்த மனுசிக்கு யாரும் சிறு புத்தகம் கொடுக்கத் தேவையில்லை. உங்கள் மூவரையும் முருகன் காப்பாற்றட்டும், இது அம்மா எந்தக் கோபத்திலும் சொல்வது. குளிர் சட்டையின் அளவை மறக்காமல் எழுது, யோகா பின்னத் தொடங்கிவிட்டாள்.

அண்ணன்,
சிறிதரன்

இனி நான் செய்யப்போவது:

1. நாளை மத்தியானம் டிக்கற் அலுவலகத்துக்குப் போய்ப் பயணத்தை உறுதி செய்வேன். ரொறன்ரோ, நாற்பத்திரண்டு இரவு, ஒரே முகவரி.

2. பட்டியலில் எட்டு ஊரை வெட்டுவேன். நயாகரா இருக்கட்டும், நீயும் பார்க்கவில்லைத்தானே.

3. இருபத்தாறாம் திகதி ஞாயிறு உங்கள் காலை எட்டு மணிக்குத் தொலைபேசியில் இந்திரகுமாருடன் பேசுவேன். புத்தி சொல்லமாட்டேன். சொல்லாமல் இருக்க முயல்வேன்.

4. இப்போது அம்மாவை எழுப்பி இந்தக் கடிதத்தை ஒரு வரியும் விடாமல் வாசித்துக் காட்டுவேன். அதற்குப் பிறகுதான் உறையை ஒட்டுவேன்.