மலையில் பெண் பார்த்த கதை

துபாயில் இருக்கும் என் வீட்டுக்காரருக்கு,

ஊர் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். நாகலாபுரம் மலைக்குளத்தில் பட்டுப்புடவையோடு எருமை மாதிரி விழுந்தேன்.

சேரப்பணஞ்சேரி கனகம் வேன் பிடித்து, "அருவி பாக்கலாம், பொண்ணையும் இட்டுகினு வாக்கா" என்று கூப்பிட்டபோதே எனக்குச் சந்தேகம். கம்பெனி வேலையில் பிள்ளை வைத்திருப்பவள். கோயிலுக்கு அழைத்தால் பெண் பார்க்கிறார்கள் என்று தெரிந்துவிடும். மலை என்றால் நடையையும் சேர்த்துப் பார்க்கலாமே!

இரண்டு அருவி தாண்டியும் அவள் கண் நம் இசைவாணியின் காலிலேயே இருந்தது. "இன்னாமா ஏறுது பாரு!" என்றாள். பாலிடெக்னிக் இன்னும் ஒரு வருஷம் பாக்கி இருக்கிறதே, படிப்பை நிறுத்திவிடுவார்களோ என்று எனக்குப் பயம்.

"ஏறும். ஆனா தூக்கத்துல லாரி மாதிரி கொறட்ட வுடும்" என்று எடுத்துவிட்டேன்.

"எங்க லோகுவும்தான்" என்று சிரிக்கிறாள்!

எங்களோடு வந்திருந்த அவள் பிள்ளை, அந்த லோகு எங்கே நிற்கிறான் என்று திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். குளம் வந்தது தெரியவில்லை.

திரும்பும்போது வேனில், சொட்டச் சொட்ட உட்கார்ந்துகொண்டு, "கனகம், யாரு குடுத்த யோசன இது?" என்று கேட்டேன்.

"இன்னாக்கா, தெரியாத மாதிரி கேக்குற? உன் பொண்ணுதான் லோகுகிட்ட சொல்லி எங்கள கெளப்புச்சு."

இப்படிக்கு,
இன்னும் தலை காயாத உங்கள் வீட்டுக்காரி