லிஃப்ட் மெக்கானிக்குக்கு வயசு அறுபத்தொண்ணு

மார்ச் 4
கம்பெனியில் மருத்துவ முகாம். எடை பார்க்கிற மெஷின் மாதிரி ஒன்றில் ஏறிக் கைப்பிடியைப் பிடித்தேன். சீட்டைத் துப்பியது: "உடல் வயது 61." எனக்கு நாற்பத்து மூன்று! மெஷின் பழுதா என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். "மெஷின் நல்லாத்தான் இருக்கு. சிகரெட், ஒன்பது டீ, அஞ்சு மணி நேரத் தூக்கம். படியாவது ஏறுவீங்களா?" என்றார். இருபது வருஷமா லிஃப்ட் ரிப்பேர் பண்றவன் எதுக்குப் படி ஏறணும்?

மார்ச் 5
சட்டைப்பையிலேயே சீட்டை விட்டிருக்கிறேன், மடையன். துவைக்க எடுத்த மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். ஏழு வயது மகள் சிரிக்கவில்லை. ஜூனில் பள்ளியில் அப்பாக்கள் ஓட்டப்பந்தயம். "நீங்க வேணாம்ப்பா, விழுந்துடுவீங்க. மாமாவைக் கூட்டிட்டுப் போறேன்."

மாமா என்றால் என் மச்சான். ஜிம்முக்குப் போய்ப் போய்க் கழுத்தே காணாமல் போனவன். என் மகளுக்கு அப்பாவா அவன் ஓடுறதா? வயிறு எரியுது. கெஞ்சிக் கூத்தாடி ஒரு ஒப்பந்தம் போட்டேன்: பந்தயத்துக்கு முன்னால் வரும் அடுத்த முகாமில் ஐம்பத்தைந்துக்குக் கீழே வந்தால் நான் ஓடலாம்.

மார்ச் 9
சிகரெட் இல்லாமல் நாலாவது நாள். மேனேஜரைக் கடிக்காமல் வீடு வந்து சேர்ந்தேன்.

ஏப்ரல் 16
பன்னிரண்டு மாடிக் கட்டடம். லிஃப்டைச் சரிசெய்துவிட்டு, இந்த வாரம் முழுக்கப் படியிலேயே ஏறி இறங்குகிறேன். ஏழாம் மாடியில் நாக்குத் தள்ளிவிடுகிறது.

ஏப்ரல் 19
மேனேஜர் போனில் கத்தினார். "அங்க ஒருத்தரும் லிஃப்ட்ல ஏற மாட்டேங்கிறாங்க! சரி பண்ணினவனே படியில போறான், நமக்கெதுக்கு வம்புங்கிறாங்க. என்னய்யா பண்ணி வெச்சே?"
வயசைக் குறைச்சுக்கிட்டிருந்தேன் சார் என்றேன். டொக்கென்று போனை வைத்துவிட்டார்.

ஏப்ரல் 20
தண்டனை: காலை முழுக்க எல்லார் கண்ணிலும் படும்படி லிஃப்டில் மேலும் கீழும், சிரித்த முகத்தோடு. பத்தாம் மாடி அம்மா மட்டும் மசியவில்லை. "உங்களுக்கென்ன, வாழ்ந்து முடிச்சாச்சு. நான் பிள்ளைகுட்டிக்காரி." படியில் விறுவிறுவென்று போய்விட்டார்.
நான் வாழ்ந்து முடிச்சாச்சாமே!

மே 11
பத்து மணிக்கே தூங்கிவிடுகிறேன். டீ இரண்டுதான். வாழ்க்கை சப்பென்று இருக்கிறது. பேன்ட் மட்டும் இடுப்பில் நிற்கவில்லை.

ஜூன் 8
மறுபடி முகாம். ஐம்பத்திரண்டு!! டாக்டரம்மா முன்னாடியே குதிச்சேன். மகள் சீட்டை இரண்டு முறை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "சரி, ஓடுங்க" என்றாள்.

ஜூன் 12
ஓடினேன். கடைசிக்கு முந்தின இடம். ஆனால் மைதானமே எழுந்து நின்று கை தட்டியது. டீச்சர் நாற்காலியோடு ஓடி வந்தார், முதலில் வந்த அப்பா என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இந்த வயசுல எப்படி சார்!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. திரும்பினால், மகள் வரிசையாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு போகிறாள்: "அதான் எங்கப்பா. அம்பத்திரண்டு வயசு."

அவ்வளவு பெருமை அந்த முகத்தில். நான் என்ன செய்ய?

"ஆமாங்க, வர்ற மாசம் அம்பத்திமூணு" என்றேன்.